லொறியைச் சோதித்துப் பார்க்கும் இடத்தைச் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

என்னிடம் ஒரு பழைய இசுசு எல்ஃப் லொறி இருக்கிறது. என் கணவர் வாங்கியது. அவர் காலமாகி ஆறு வருடமாகிறது. எனக்கு ஓட்டத் தெரியாது. சம்பளத்துக்கு ஒரு தம்பி ஓட்டுகிறார். பெரும்போக வெட்டு நேரத்தில் நெல், மற்ற நாட்களில் சீமெந்து, கல், கோயில் திருவிழா என்றால் பந்தல் சாமான். மணல் ஏற்றுவதில்லை. மணல் என்று தொடங்கினால் அது வேறு கடிதமாகிவிடும். எங்கள் வீட்டில் உலை கொதிப்பது இந்த லொறியால்தான்.

இந்த வருடம் மாசி நடுவில் லொறியின் வருமான அனுமதிப்பத்திரம், அதாவது வருடா வருடம் எடுக்கும் லைசன்ஸ், முடிந்தது. அதே கிழமைதான் எங்கள் பக்கத்து வயல்களில் வெட்டு. வெட்டு மெஷின் வயலுக்குள் இறங்கிவிட்டால் லொறி வரம்போரம் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் வயற்காரர் அடுத்த லொறியைப் பிடித்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, வானம் இருண்டு வந்தால் அவர் என்ன செய்வார்?

இவ்வளவு வருடமும் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் லொறியின் பதிவுப் புத்தகத்தையும் காசையும் வாங்கிக்கொண்டு போய் லைசன்ஸோடு திரும்பி வருவார். எங்கே போனார், யாரிடம் கொடுத்தார் என்று நான் கேட்டதே இல்லை. போன வருடம் அவர் வெளிநாடு போய்விட்டார். அதனால் இந்த முறை நானே பிரதேச செயலகத்துக்கு வெளிக்கிட்டேன்.

கவுண்டரில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. கதிரை தந்து இருத்தித்தான் கதைத்தார். இன்சூரன்ஸைப் பார்த்தார். பிறகு, "புகைத் தாள் எங்கே அம்மா? பிற்னஸ் எங்கே?" என்றார்.

புகைத் தாள் என்றால் புகைப் பரிசோதனையில் பாஸான சான்றிதழ். பிற்னஸ் என்றால் தகுதிச் சான்றிதழ். பஸ், லொறி போன்ற வாகனங்களுக்கு பிறேக், ஸ்ரேறிங், ரயர், லைற் எல்லாம் ஓடத் தகுந்த நிலையில் இருக்கின்றன என்று, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் அங்கீகரித்த கராஜ் ஒன்று எழுதித் தருவது. அது இல்லாமல் லொறிக்கு லைசன்ஸ் இல்லை. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. "எந்தக் கராஜ் தங்கச்சி?" என்று கேட்டேன். அவர் பக்கத்து மேசையைப் பார்த்தார். பக்கத்து மேசை வவுனியாவில் ஒரு பெயரைச் சொன்னது. பின்னால் நின்ற ஒருவர், கிளிநொச்சியிலும் ஒன்று இருந்தது, இப்போது செய்கிறார்களோ தெரியாது என்றார். மூன்று பேரும் உதவி செய்யத்தான் நினைத்தார்கள். ஆனால் மூன்று பேரும் தங்கள் ஞாபகத்திலிருந்துதான் சொன்னார்கள். இந்தச் சான்றிதழைக் கேட்பது அந்தக் கவுண்டர். அதை எங்கே எடுக்கலாம் என்ற பட்டியல் மட்டும் அங்கே இல்லை.

வீட்டுக்கு வந்து போனில் பிடிக்கத் தொடங்கினேன். ஓரிடத்தில், அதை விட்டுக் கனகாலம் என்றார்கள். இன்னோரிடத்தில், கையெழுத்து வைப்பவர் செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்றார்கள். அன்று புதன்கிழமை. மூன்றாவது இடத்தைத்தான் நான் எழுதவேண்டும், ஊரும் பெயரும் விட்டு. போனை எடுத்தவர் லொறியின் வயதைக் கேட்கவில்லை. பிறேக்கைப் பற்றிக் கேட்கவில்லை. "வண்டி வரத் தேவையில்லை அக்கா. புத்தகத்தின் கொப்பியை மட்டும் பஸ்ஸில் போட்டுவிடுங்கோ, பின்னேரம் தாள் வரும்" என்றார்.

பொய் சொல்லமாட்டேன், சரி என்று சொல்ல வாய் எடுத்தேன். வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஓட்டுகிற தம்பியும் பக்கத்தில் நின்று, "எல்லாரும் அப்படித்தான் அன்ரி செய்யினம்" என்றார். அப்புறம் அவரே தலையைச் சொறிந்துகொண்டு, "ஆனா பெடல் கொஞ்சம் கீழ போகுது" என்றார். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். தைப்பொங்கலுக்கு முந்தியிருந்து என்றார். இரண்டு முறை மிதித்தால் பிடிக்குமாம்.

கண்டி வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தாமல் எங்கள் லொறி போனதில்லை. இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். என் கணவர் காலத்திலிருந்தே அப்படித்தான். ஆனால் பிள்ளையார் பெடலை மிதித்துப் பார்க்கமாட்டாரே. இரண்டு முறை மிதிக்கவேண்டிய லொறியில் நெல் மூட்டை அடுக்கி அனுப்பிவிட்டு நான் இரவில் எப்படி நித்திரை கொள்வது?

கடைசியில் வவுனியாப் பக்கம் ஒரு கராஜில் உண்மையாகப் பார்க்கிறார்கள் என்று அறிந்து லொறியிலேயே ஏறிப் போனேன். அங்கே இருந்தவர் என்னிலும் வயது கூடிய மெக்கானிக். என்னைத் தங்கச்சி என்றார். புத்தகத்தைக் கையில் வாங்கவே இல்லை, முதலில் லொறிக்குக் கீழேதான் போனார். முன் சில்லை ஜக்கில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். முன் சில்லு திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின் தேய்ந்திருந்தால் அந்த ஆட்டத்தில் தெரியுமாம். ஸ்ரேறிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி எவ்வளவு சும்மா சுற்றுகிறது என்று பார்த்தார். ஸ்பிறிங் பட்டைகளைச் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டார். ஹான்ட் பிறேக், லைற், கோண், வைபர், கண்ணாடி. பெட்டியின் அடிப் பலகையைக்கூட காலால் மிதித்துப் பார்த்தார்.

பிறகு தம்பியை மேலே ஏற்றி, "மிதி, விடு. மிதி, விடு" என்று சொல்லிக்கொண்டு பின் சில்லடியில் ரோச் பிடித்தார். "தங்கச்சி, இங்க வந்து பார்" என்றார். குனிந்து பார்த்தேன். பின் பக்கம் போகும் ரப்பர் பிறேக் குழாய், பெடலை மிதிக்கும்போது நடுவில் ஊதியது, விட்டதும் சுருங்கியது. இரை விழுங்கிய சாரைப்பாம்பின் வயிறு மாதிரி. மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு சில்லுக்குப் போகாமல் அந்தக் குழாயை ஊத வைக்கிறது, அதனால்தான் பெடல் கீழே போகிறது என்றார். ஒருநாள் பாரம் ஏற்றி இறக்கத்தில் வரும்போது வெடித்தால் எண்ணெய் முழுக்க றோட்டில்தான், பெடல் பலகையோடு ஒட்டிவிடும் என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது.

குழாயை மாற்றி, பிறேக் எண்ணெய்க்குள் இருந்த காற்றை எடுத்து, கூலியோடு சேர்த்துக் கொடுத்த காசு எங்கள் லொறியின் ஒருநாள் ஹயர்க் காசுக்குக் குறைவு. அதன் பிறகுதான் புத்தகத்தை வாங்கிச் சான்றிதழ் எழுதினார்.

புகைப் பரிசோதனை இன்னொரு கதை, அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சைலன்சருக்குள் ஒரு குழாயை விட்டு, எஞ்சினை முழு றேஸுக்கு விட்டு விட்டு எடுத்தார்கள். டீசல் வாகனத்துக்கு, வெளிவரும் புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்றுதான் மெஷின் அளக்கிறது. பெற்றோல் வாகனத்துக்கு வேறு, அதில் காபன் மொனொக்சைட்டும் எரியாத பெற்றோலும் பார்ப்பார்கள். எங்கள் லொறி பெயில். ஏன் என்று தாளில் இருந்தது, ஆங்கிலத்திலும் இலக்கத்திலும். பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரப் பெடியன்தான், "அன்ரி, எயார் கிளீனரைக் கழற்றிப் பாருங்கோ" என்றான். கழற்றித் தட்டினால் ஒரு சுண்டு கிரவல் புழுதி. எங்கள் உள் வீதிகளில் ஓடும் வாகனத்துக்கு அது இல்லாவிட்டால்தான் அதிசயம். புதியது போட்டு, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக் கொண்டுபோனதும் பாஸ். இதை முதலே ஒரு வரியில் தமிழில் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் மிஞ்சியிருக்கும். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பில் 1988 இலேயே எழுதியாயிற்று. பெயிலான காரணத்தைத் தமிழில் எழுத இன்னும் எவ்வளவு காலம் வேண்டும்?

இந்தப் புகைப் பரிசோதனை முதலில் மேல் மாகாணத்தில் தொடங்கியது 2008 இல். அந்த நேரம் நாங்கள் இங்கே ட்ரக்டர் பெட்டியில் சட்டி பானை ஏற்றி ஊர் ஊராக இடம்பெயர்ந்துகொண்டிருந்தோம். அதற்கும் முந்தி, பொருளாதாரத் தடைக் காலத்தில், என் கணவர் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார். ஸ்ராட் பண்ணுவதற்கு மட்டும் சிறிய போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளி விடுவார், பிறகு மண்ணெண்ணெய். அந்தப் புகைக்கு எந்த மெஷினும் பாஸ் போட்டிருக்காது. வன்னியில் என் வயதுக்காரருக்கு வாகனம் என்றால் எப்படியாவது ஓடவேண்டிய சாமான். அதைக் கொண்டுபோய்ச் சோதிப்பிக்கவேண்டும் என்ற பழக்கம் எங்களுக்கு வராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சட்டம் என்னவோ பழையதுதான். மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கம், என்னைவிட மூத்தது.

லண்டனில் இருக்கும் என் தம்பியிடம் வட்ஸ்அப்பில் இதைச் சொல்லி அழாக்குறையாகக் கதைத்தேன். அவர் தங்கள் ஊர் நடப்பைச் சொன்னார். அங்கே கார் பதிந்து 3 வருடம் ஆனதும் வருடத்துக்கு ஒருமுறை எம்.ஓ.டி. என்ற சோதனை. அதைத் தொடங்கிய போக்குவரத்து அமைச்சின் (Ministry of Transport) பெயரின் முதல் எழுத்துகள்தான் அது, அந்த அமைச்சுக்கு இப்போது அந்தப் பெயரே இல்லையாம், சோதனைக்கு மட்டும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. 1960 இல் தொடங்கியபோது 10 வருடம் கடந்த வாகனங்களுக்குத்தான், பிறகுதான் 3 வருடமாக்கினார்கள். என்னுடையதைப் போன்ற லொறி என்றால் முதல் வருடத்திலிருந்தே ஒவ்வொரு வருடமும், அதற்கென்று உள்ள இடங்களில். சோதிக்கும் கராஜ் வாசலில் நீல நிறப் பலகை, அதில் மூன்று வெள்ளை முக்கோணம். கண்டால் போதும், உள்ளே போகலாம். காருக்கு 54 பவுண் 85 பென்ஸுக்கு மேல் ஒரு சதம் வாங்கக்கூடாது.

எனக்குப் பிடித்தது வேறு இரண்டு விஷயம். ஒன்று, குறைகளைப் பிரித்து எழுதிக் கொடுக்கிறார்கள். ஆபத்தான குறை என்றால் வாகனத்தை அப்படியே றோட்டில் எடுக்கக்கூடாது. பெரிய குறை என்றால் பெயில். சின்னக் குறை என்றால் பாஸ்தான், ஆனால் திருத்து. அதற்கும் கீழே, இன்னும் குறையாகவில்லை, கவனித்துக்கொள் என்ற ஆலோசனை. வாகன இலக்கத்தை அரச இணையத்தளத்தில் தட்டினால் பழைய சோதனை முடிவுகளை யாரும் பார்க்கலாம். தம்பி தன் காருடையதைப் படம் எடுத்து அனுப்பினார். பின் இடது ரயர் தேய்ந்து வருகிறது, எல்லைக்குக் கிட்ட என்று ஒரு வரி. அந்த எல்லை 1.6 மில்லிமீற்றர். அங்கே 20 பென்ஸ் காசை ரயரின் வெட்டுக்குள் வைத்துப் பார்ப்பார்களாம். காசின் ஓரப்பட்டி வெளியே தெரிந்தால் கொண்டுபோய்க் காட்டவேண்டியதுதான். என்னிடம் 20 பென்ஸ் ஏது? இருந்தாலும் கையில் இருந்த பத்து ரூபாய்க் காசை எல்ஃப் ரயருக்குள் வைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் நான் ரயருக்கு உண்டியல் போடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

மற்றது, சில நகரசபைகள் நடத்தும் சோதனை நிலையங்கள். அங்கே சோதிப்பார்கள், திருத்தமாட்டார்கள். திருத்தி உழைக்காதவனுக்கு இல்லாத குறையைக் கண்டுபிடிக்கவேண்டிய தேவையும் இல்லை. அங்கேயும் திருகுதாளம் இல்லாமல் இல்லை என்று தம்பி சொன்னார்தான். லண்டனை வன்னிக்குக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. வாசலில் ஒரு பலகை, கையில் புரியும் மொழியில் ஒரு தாள். இதற்குப் பவுண் தேவையில்லை.

இன்னொன்றும் மனதில் கிடந்து அரிக்கிறது. லொறிக்காவது பிற்னஸ் என்று ஒன்று கேட்டார்கள். என் மகனின் மோட்டார் சைக்கிளுக்கு லைசன்ஸ் எடுக்கப் போனபோது இன்சூரன்ஸும் புகைத் தாளும்தான் கேட்டார்கள். பிறேக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எங்கள் ஒழுங்கையால் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டோ ஒன்று போகும். நல்ல மனிசன் ஓட்டுகிறார். அவரிடமும் கேட்டேன், அதே இரண்டு தாள்தான் கொடுத்தாராம். புகைத் தாள் இருந்தால் வாகனம் சரி என்று எங்கள் பக்கத்தில் கனபேர் நினைக்கிறார்கள். நானும் போன வருடம் வரை அப்படித்தான் நினைத்தேன். புகை பார்க்கும் மெஷின் பிறேக் குழாயைப் பார்ப்பதில்லை. என் லொறி அந்த ஊதிப்போன குழாயோடேயே புகையில் பாஸாகியிருக்கும். ஓட்டோ வைத்திருக்கும் தம்பிமாரிடம் ஒன்று சொல்கிறேன்: யாரும் கேட்காவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை, லைசன்ஸ் மாதத்திலேயே, தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுச் சில்லைக் கழற்றிப் பாருங்கள்.

2025 மே 11 அன்று கொத்மலையில் பஸ் உருண்டு 20 இற்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருடம் செப்டெம்பர் 4 இரவு எல்ல - வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ். அந்த நாட்களில் உங்கள் பத்திரிகை உட்பட எல்லாவற்றிலும் வாகனங்களைச் சோதிக்கவேண்டும் என்றுதான் பேச்சு. சோதியுங்கள். வீதியில் மறித்துச் சோதிக்கும் பரிசோதகர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மறித்துப் பிடிப்பதற்கு முந்தி, நாங்களாகக் கொண்டுபோய்க் காட்ட ஓர் இடம் தெரிய வேண்டாமா? உண்மையாகப் பார்க்கும் இடம் எங்கே என்று தெரியாதவனுக்கு, பார்க்காமல் தாள் அனுப்புகிறவனின் போன் நம்பர் மட்டும் சந்திக்குச் சந்தி கிடைக்கிறது. எனக்கு அந்த நம்பரைத் தந்தவர் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர். நல்ல கராஜைத் தேட எனக்கு எட்டு நாள் எடுத்தது. அந்த எட்டு நாளும் லொறி மாமரத்தடியில் நின்றது, நெல் வேறு லொறியில் போனது.

ஆகவே வன்னியின் நான்கு மாவட்டக் கச்சேரிகளையும் (மாவட்டச் செயலகங்களையும்), லைசன்ஸ் கொடுக்கும் பிரதேச செயலகங்களையும் கேட்பது இதுதான். எந்த வாகனத்துக்கு எந்தத் தாள், எந்த ஒழுங்கில் எடுக்கவேண்டும், இன்றைய தேதிக்கு அங்கீகாரம் உள்ள கராஜ்கள் எவை, எந்த நாளில் திறந்திருக்கும், கட்டணம் என்ன என்று தமிழில் ஒரு பக்கம் அடித்து ஒட்டுங்கள். நடமாடும் புகைப் பரிசோதனை வாகனம் எங்கள் சந்திக்கு வரும் நாளையும் அதிலேயே எழுதுங்கள். இப்போது அது வந்து போன பிறகுதான் வந்தது தெரிகிறது. பழைய பட்டியல் ஒட்டினால் ஒட்டாததைவிட மோசம், ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேதி போட்டு மாற்றவேண்டும். நீங்களும் பெரும்போக வெட்டுக்கு முந்தி அந்தப் பட்டியலை வாங்கி ஒருமுறை பத்திரிகையில் போட்டால் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உபகாரம். நான் கேட்ட கவுண்டருக்குப் பின்னால் சுவரில் போன வருடத்துக் கலண்டர் ஒன்று இன்னும் தொங்குகிறது. அதைக் கழற்றினால் இடம் இருக்கும்.

இப்படிக்கு,
லொறிச் சொந்தக்காரி ஒருத்தி,
வன்னி.